ரோஸ்லின் பாடுறதா எல்லாரும் சொல்றாங்க

பேய்க்கதைதான் வேணும்னா என்கிட்ட நெறைய இருக்கு சார். பைன் காட்டுக்குள்ள சாயங்காலம் நடந்து போற வெள்ளக்காரம்மா, தூண் பாறைப் பக்கம் கையைக் காட்டி வண்டியை நிறுத்துற புள்ள, பெருமாள்மலைக்குக் கீழ ஒரு வளைவுல தானா அணையுற ஹெட்லைட்டு. எல்லாம் நானே கட்டுனது. டூரிஸ்ட் வண்டி ஓட்டுறவனுக்கு அதுவும் ஒரு சோலி, பின்சீட்டுல இருக்குற புள்ளைக 'அண்ணே இங்க பேய் இருக்கா'ன்னு கேக்கும், இல்லைன்னு சொன்னா மூஞ்சி தொங்கிப்போகும், அதனால ஒன்னை எடுத்து விடுவேன். கதை கட்டுறவனுக்கே நம்பிக்கை எங்க இருந்து வரும், நீங்களே சொல்லுங்க. எனக்குப் பேயும் கெடையாது பிசாசும் கெடையாது, கோயிலுக்குக்கூட ரோஸ்லின் இழுத்துக்கிட்டுப் போனாத்தான் போவேன், பூசை முடியுற வரைக்கும் வெளிய நின்னு வண்டியைத் துடைச்சுக்கிட்டு இருப்பேன்.

இப்ப முன்னாடி மண்ணு சரிஞ்சு கெடக்கு, ஜேசிபி வந்து அள்ளுற வரைக்கும் நாம நகரப்போறதில்ல, அதனால நான் கட்டாத ஒன்னைச் சொல்றேன். நீங்க நம்ப மாட்டீங்க. படிச்சவங்க மாதிரி இருக்கீங்க, கேட்டு முடிச்சுட்டு அது மனப்பிரமை, அது இதுன்னு ஏதாவது பேர் சொல்லுவீங்க. தாராளமாச் சொல்லுங்க, யாராவது அப்படி அடிச்சுச் சொன்னா எனக்கும் நிம்மதிதான்.

ரோஸ்லின் என் வீட்டுக்காரி. எங்க கோயில் குயர்ல பாடுறவ. பெரிய பாடகின்னெல்லாம் பீத்திக்க மாட்டேன், ஆனா நவநாள் ஜெபத்துக்கு அவ அந்த மாதா பாட்டை எடுத்தான்னா வெளிய நிக்கிற நானே துடைக்கிற துணியைக் கீழ வச்சிருவேன். வீட்டுலயும் வாய் ஓயாது. பாத்திரம் கழுவுனா பாட்டு, துணி காயப்போட்டா பாட்டு, பாட்டு இல்லாத நேரம் எனக்குத் திட்டு. கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல எங்க வீட்டுல டிவி சத்தம் கேட்டு நான் எந்திரிச்சதே இல்ல, அவ சத்தம் கேட்டுத்தான் எந்திரிச்சிருக்கேன். புள்ளகுட்டி கெடையாது எங்களுக்கு, ரெண்டே பேருதான், ஆனா அந்த வீட்டுல ஒரு நாளும் ஆள் இல்லாத மாதிரி இருந்ததில்ல.

ஒரு நாள் வெள்ளனே கேரட் நறுக்கிக்கிட்டு இருந்தவ கையில இருந்து கத்தி நழுவிச்சு. என்னமோ சொல்ல வந்தா, வார்த்தை கொழகொழன்னு வந்துச்சு, அப்படியே சாஞ்சுட்டா. நானே வண்டியில போட்டு மலையிறங்கி, வத்தலக்குண்டு தாண்டி மதுரை போய்ச் சேர்ந்தேன், எந்த வளைவை எப்படித் திருப்புனேன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் ஞாபகம் இல்ல. மூளையில ரத்த அடைப்புன்னாங்க, உசிரு பொழைச்சுட்டா. வலது கையும் காலும் போச்சு, பேச்சும் போச்சு. நாம பேசுறது எல்லாம் புரியும், அவளால திருப்பி ஒரு சொல்லு சொல்ல முடியாது. மிஞ்சினது 'ம்' மட்டுந்தான். கஞ்சி போதுமான்னு கேட்டா ஒரு 'ம்', கோவம் வந்தா ஒரு நீட்டு 'ம்'. அந்த ஒரு எழுத்தை வச்சுத்தான் நான் குடும்பம் நடத்துனேன் சார்.

மதுரையில பேச்சுப் பயிற்சி குடுக்குற ஒரு டாக்டரம்மா இருந்தாங்க, நல்ல மனுஷி. அவங்கதான் சொன்னாங்க, பேச்சு போன சில பேருக்குப் பாட்டு போகாதாம், பேச்சுக்கு மூளையில ஒரு பக்கம், பாட்டுக்கு இன்னொரு பக்கமாம். நல்லாத் தெரிஞ்ச பாட்டைத் தினமும் மெதுவாப் பாட வச்சா, பாட்டு வழியா வார்த்தை வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம்னாங்க. 'செல்லுல போட்டு விடட்டுமா'ன்னு கேட்டேன். 'செல்லு அது பாட்டுக்கு ஓடிரும், இவங்களுக்காக நிக்காது, பக்கத்துல ஒரு ஆளு உக்காந்து இவங்க வாய் திறக்குற வரைக்கும் காத்திருந்து வாசிக்கணும்'னு சொன்னாங்க. எனக்குப் பாட வராது, நான் பாடுனா ரோஸ்லினுக்கு இருக்குற 'ம்'மும் போயிரும். அப்பத்தான் கோயில்ல சும்மா கெடந்த கிடார் ஞாபகம் வந்துச்சு. வாசிச்சுக்கிட்டு இருந்த பையன் திருப்பூருக்கு வேலைக்குப் போயிட்டான். ஃபாதர்கிட்ட கேட்டதும் எடுத்துட்டுப் போப்பான்னு குடுத்துட்டாரு.

அதுக்கு முன்னாடி நான் கையில பிடிச்ச ஒரே இசைக்கருவி வண்டி ஹாரன்தான். யூடியூப்ல ஒரு தம்பி சொல்லிக் குடுப்பாப்ல, ரொம்ப ஈஸி, யாரு வேணா வாசிக்கலாம்னு சிரிச்சுக்கிட்டே. ஈஸியாவது ஒன்னாவது. கம்பியை அமுக்குனா விரல் நுனி எரியும், ஸ்டியரிங் பிடிச்சுக் காச்ச கைதானேன்னு நெனைச்சேன், காப்பு எல்லாம் உள்ளங்கையிலதான் இருக்கு, நுனி பச்சைப்புள்ள விரல் மாதிரி இருக்கு. அமுக்குனா பக்கத்துக் கம்பியில பட்டு சத்தம் செத்துப்போகும். நம்ம ஊரு பனிக்கும் ஈரத்துக்கும் கம்பி துருப்பிடிச்சு விரலெல்லாம் கருப்பாகும், காலையில செல்லுல பாத்துச் சுதி வச்சா சாயங்காலம் எறங்கிக் கெடக்கும். அந்த மாதா பாட்டுக்கு மூனே மூனு கார்டுதான் வேணும், கம்பிகளைச் சேத்து அமுக்குற பிடியைத்தான் கார்டுங்கிறாங்க, சி, ஜி, எஃப். சி வந்துருச்சு. ஜி தட்டுத்தடுமாறி வந்துச்சு. இந்த எஃப் இருக்கே சார், ஒத்த ஆள்காட்டி விரலைப் படுக்கப்போட்டு எல்லாக் கம்பியையும் சேத்து அமுக்கணும். அது எனக்கு வரவே இல்ல. பாட்டு ஓடிக்கிட்டு இருக்கும்போது எஃப் வர்ற இடம் வந்தா நான் கையை நிறுத்தி, விரலை ஒவ்வொன்னா எடுத்து வச்சு, மறுபடியும் தட்டுறதுக்குள்ள ஒரு வளைவே திரும்பிரலாம்.

நம்ம கோயில் குயர்ல ஒரு பழக்கம் உண்டு. வாசிக்கிறவன் தடுமாறினா பாடுறவங்க நிறுத்த மாட்டாங்க, விட்டுட்டும் போக மாட்டாங்க. அவன் வந்து சேர்ற வரைக்கும் அந்த எழுத்தை அப்படியே இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க. அந்தத் திருப்பூர் போன பையன் கத்துக்குட்டியா இருந்தப்ப ரோஸ்லின் அப்படித்தான் அவனைத் தாங்கிக்கிட்டு வந்தா. வெளியூரு கோயில்ல இதெல்லாம் கெடையாது, நம்ம மலையில வாசிக்க ஆள் கெடைக்கிறதே பெருசுங்கிறதால வந்த பழக்கம்.

தினமும் டிரிப் முடிச்சு வந்து அவ கட்டில் பக்கத்துல உக்காந்து வாசிப்பேன். அவ என் விரலையே பாத்துக்கிட்டு இருப்பா. வாயைத் திறக்குற மாதிரி இருக்கும், உதடு நடுங்கும், அப்புறம் மூடிக்கிருவா. சில நாளு கண்ணுல தண்ணி மட்டும் வழியும். எப்படியாவது ஒரு வார்த்தை, அது என்னைத் திட்டுற வார்த்தையா இருந்தாலும் சரி, அவ வாயில இருந்து கேட்டா போதும்னு இருந்துச்சு. வரல. மழைக்காலம் போய்ப் பனிக்காலம் வந்து, சீசன் வந்து போய் மறுபடியும் மழைக்காலம் வந்துருச்சு. டாக்டரம்மாவும் போன்ல பேசும்போது குரலை எறக்கிட்டாங்க, நாள் ஆக ஆக கஷ்டம்தான், ஆனா விட்டுறாதீங்கன்னாங்க. விட்டுறாதீங்கன்னு அவங்க சொன்ன விதத்துலயே எனக்குப் புரிஞ்சு போச்சு.

அன்னைக்கு மத்தியானம், சோறு ஊட்டி அவளைப் படுக்க வச்சிருந்தேன். மழையில, மலைக்கு வர்றதுக்கு இ-பாஸ் எடுத்தவங்ககூட வரல, வண்டி சும்மா நின்னுச்சு. மேகம் வாசல் வரைக்கும் எறங்கி, எதிர்த்த வீட்டுத் தகரக் கூரைகூடத் தெரியல, கரண்டும் இல்ல. அவ கண்ணு சொருகுற மாதிரி இருந்துச்சு, தொந்தரவு பண்ண வேண்டாம்னு முன் ரூமுல உக்காந்து எஃப்பை மட்டும் பழகுவோம்னு கிடாரை எடுத்தேன். நடுவுல ஒரு துணித் திரைதான், கதவு இல்ல. சியில ஆரம்பிச்சு பாட்டை மெதுவா எடுத்தேன். எஃப் வந்துச்சு, வழக்கம்போல நின்னுட்டேன். விரலைப் படுக்கப் போட்டுக்கிட்டு இருக்கேன், உள்ள இருந்து குரல் கேக்குது சார். அந்த எழுத்தை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. ரோஸ்லின் குரலு. நான் எஃப்பைத் தட்டுனதும் அதுவும் மேற்கொண்டு போச்சு.

என் நெலமையை நெனைச்சுப் பாருங்க. எந்திரிச்சு ஓடணும்னு காலு துடிக்குது, ஆனா வாசிக்கிறதை நிறுத்துனா பாட்டும் நின்னுருமோ, திரும்ப வராமலே போயிருமோன்னு பயம். அதனால உக்காந்த எடத்துலயே வாசிச்சேன். அழுதுக்கிட்டே வாசிச்சேன், கம்பியெல்லாம் மங்கலாத் தெரியுது. பாட்டு முடிஞ்சதும் மறுபடியும் முதல்ல இருந்து எடுத்தேன், கூடவே வந்துச்சு. அதுவும் முதல் தரம் வெறும் ஓசையா வந்தது, அடுத்த தரம் வார்த்தை வார்த்தையா வருது. எஃப்ல நான் எவ்வளவு நேரம் முழிச்சாலும் மூச்சு விடாம எனக்காக நிக்குது. எனக்காகக் காத்துக்கிட்டு நிக்கிறதுக்கு இந்த ஒலகத்துல வேற யாரு இருக்கா, அதனால அது அவதான்னு எனக்குத் துளி சந்தேகம் வரல.

நடுவுல டொக்கு டொக்குன்னு ஒரு சத்தமும் கேட்டுச்சு. சுவத்துல கையால தட்டுற சத்தம். குயர்ல அவ பெஞ்சுல தாளம் தட்டுவா, அந்தப் பழக்கம்தான், எடது கையால தாளம் போடுறான்னு எனக்கு இன்னும் சந்தோஷம். தாளம் சேரல. வேகமா வருது, தாறுமாறா வருது. நான் என்ன பண்ணேன் தெரியுமா, தாளத்துக்குச் சரியா நம்ம வாசிக்கலையோன்னு வெரசா வாசிக்க ஆரம்பிச்சேன்.

எவ்வளவு நேரம் அப்படி வாசிச்சேன்னு தெரியல. பக்கத்து வீட்டு முருகேஸ்வரி கொடையை மடக்கிக்கிட்டு வாசல்ல வந்து நின்னா. ஏரிக்கரையில மக்காச்சோளம் அவிச்சு விக்கிற பொண்ணு, நான் டிரிப் போனா அவதான் இடையில வந்து ரோஸ்லினைப் பாத்துக்குவா. கையால வாயைப் பொத்திக்கிட்டு நிக்கிறா, கண்ணெல்லாம் தண்ணி.

'அண்ணே, அக்காவா பாடுறாங்க?'

அவளுக்கும் கேட்டுச்சு சார், அதைத்தான் நீங்க ஞாபகத்துல வச்சுக்கணும். எனக்கு மட்டும் கேட்டிருந்தா நானே மனப்பிரமைன்னு தள்ளியிருப்பேன். நான் தலையை ஆட்டிட்டு கிடாரை இறக்கி வச்சேன். அப்ப நாங்க நின்னது எஃப்ல. வாசிப்பு நின்ன பெறகும் குரலு அந்த எழுத்தைப் பிடிச்சுக்கிட்டே இருந்துச்சு, நம்பினா நம்புங்க, நான் எந்திரிச்சு நடந்து திரையை விலக்குற வரைக்கும் இருந்துச்சு.

ரோஸ்லின் வாயை இறுக்கி மூடிக்கிட்டுப் படுத்திருந்தா. பல்லு உதட்டுல பதிஞ்சிருந்துச்சு. எடது கையைச் சுவத்துல அடிச்சு அடிச்சு விரல் முட்டியெல்லாம் தோலு உரிஞ்சு ரத்தம். அவ என்னைப் பாக்கல, கட்டில் கால்மாட்டுல ஜன்னல் பக்கம் இருக்குற வெறும் எடத்தைப் பாத்துக்கிட்டு இருந்தா. நான் போய்த் தோளைத் தொட்டதும் ஒடம்பெல்லாம் தூக்கிப் போட்டுச்சு. அப்புறம் அந்த ரத்தக் கையால அவ வாயைத் தொட்டுக் காட்டி, இல்லை இல்லைன்னு விரலை ஆட்டுனா. திரும்பத் திரும்ப அதையே செஞ்சா. நான் இல்ல, நான் இல்லன்னு. தாளம்னு நான் நெனைச்சது அவ என்னை நிறுத்தச் சொன்னது.

நான் அவ கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், வெளிய முருகேஸ்வரி சந்தோஷம் தாங்காம சரிவுல இருக்குற வீடு வீடா ஓடியிருக்கா. சாயங்காலத்துக்குள்ள தெருவே வந்துருச்சு. குயர்ல பாடுற பொம்பளைங்க வந்து கட்டிப்பிடிச்சு அழுறாங்க, ஃபாதர் கேக் வாங்கிட்டு வந்து நெத்தியில சிலுவை போடுறாரு. ரோஸ்லின் எல்லாரையும் மாறி மாறிப் பாக்குறா, 'ம்'முன்னுகூடச் சொல்லல. 'இன்னைக்கு ரொம்பப் பாடிட்டா, களைச்சுட்டா, விடுங்க'ன்னு அவங்களே சொல்லிக்கிட்டுப் போனாங்க. நான் என்னத்தைச் சொல்றது, பாடுனது அவ இல்லைன்னா வேற யாருன்னு கேப்பாங்கல்ல. கேக்கை வெட்டி எல்லாருக்கும் நானே குடுத்தேன்.

அன்னையில இருந்து அந்த 'ம்'மும் இல்ல சார். கஞ்சி போதுமான்னு கேட்டா கண்ணை மூடித் திறக்குறா, அவ்வளவுதான். மதுரைக்குக் கூட்டிட்டுப் போனேன், சின்னதா இன்னொரு அடைப்பு வந்திருக்கலாம், ஸ்கேன்ல தெளிவாத் தெரியலன்னாங்க. சரின்னு கூட்டியாந்துட்டேன். கிடாரைக் கையில எடுத்தாலே எடது கையால காதைப் பொத்திக்கிருவா, ஒரு காதைத்தானே பொத்த முடியும், இன்னொன்னைத் தலகாணியில அழுத்திக்கிருவா. அவளுக்குப் பேச்சு வரணும்னு ஆரம்பிச்ச வாசிப்பு அவளுக்கே பயமாப் போச்சுன்னா அப்புறம் எதுக்கு, பையில போட்டு மூடிப் பரண்ல ஏத்திட்டேன். ஃபாதர்கிட்ட குடுத்துடுறேன்னு அவகிட்ட சொன்னேன். இன்னும் குடுக்கல.

நான் வாசிக்கிறதை நிறுத்துனதும் எல்லாம் நின்னுருச்சுன்னுதான் நெனைச்சேன். கொஞ்ச நாள்ல ஒவ்வொருத்தரா சொல்ல ஆரம்பிச்சாங்க. கேஸ் சிலிண்டர் போடுற தம்பி சொன்னான், அக்கா நல்லாப் பாடுறாங்களேன்னு. மேல் வீட்டு ரிட்டயர்டு சாரு நின்னு கேட்டுட்டுத்தான் வாக்கிங் போறேன்னாரு. நான் வெளிய போயிருக்கும்போதுதான் கேக்குமாம். முருகேஸ்வரி சொல்லுவா, 'நான் உள்ள போனா நிறுத்திக்கிறாங்கண்ணே, வெக்கம் போல'ன்னு. எனக்கு மட்டும் அதுக்கப்புறம் ஒரு தடவைகூடக் கேக்கல. எல்லாரும் தேறிட்டாங்க தேறிட்டாங்கன்னு கையைக் குலுக்குறாங்க, நானும் குலுக்கிக்கிறேன், வீட்டுக்குள்ள போனா அவ முந்தின நாளைவிட இன்னும் கொஞ்சம் சுருங்கிக் கெடக்கா. குரலு நாளுக்கு நாள் தெளிவாகுதாம், இவ நாளுக்கு நாள் எளைக்கிறா.

போன வாரம் மன்னவனூர் டிரிப் முடிச்சுட்டு வந்தேன், வண்டியை நிறுத்தும்போதே முருகேஸ்வரி ஓடியாந்தா. 'அண்ணே, அக்கா பேசிட்டாங்க'ன்னா. ஜன்னலுக்குக் கீழ துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தாளாம், உள்ள இருந்து இவ பேரைச் சொல்லிக் கூப்பிட்டு நல்லாவே பேசுனாங்களாம். 'அவரு ஏன் இப்பல்லாம் வாசிக்கிறதே இல்ல, எடுத்து வாசிக்கச் சொல்லு'ன்னு சொன்னாங்களாம்.

அந்த நிமிஷம் எனக்குப் பயம் வந்திருக்கணும். வரல சார், சந்தோஷம்தான் வந்துச்சு. பேசிட்டா, என்னைக் கேட்டிருக்கான்னு நெஞ்சு நெறைஞ்சு போச்சு, படியை எப்படி எறங்குனேன்னே தெரியல. உள்ள போனா ரோஸ்லின் சுவத்தோட ஒட்டிப் படுத்திருக்கா, தலகாணி ஒரு காதுல, கை ஒரு காதுல. 'நீயா பேசுன'ன்னு கேட்டேன். பதிலுக்குக் கண்ணைக்கூட மூடித் திறக்கல, என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. அவ பாத்துக்கிட்டு இருக்கும்போதே என் கண்ணு என்னை அறியாம பரணுக்குப் போச்சு. திரும்பிப் பாக்குறேன், நான் எங்க பாத்தேன்னு அவ பாத்துட்டா.

அதுக்கப்புறம் நான் வேலைக்குக் கெளம்பும்போதெல்லாம் எடது கையால என் சட்டையைப் பிடிச்சுக்கிறா. ஒடம்புல இருக்குற தெம்பெல்லாம் அந்த ஒரு கையிலதான் இருக்கு, அவ்வளவு இறுக்கம். இன்னைக்குக் காலையிலயும் ஒவ்வொரு விரலாப் பிரிச்சு எடுத்து விட்டுட்டுத்தான் சார் வண்டியை எடுத்தேன்.